பலன் பார்க்கும் மேசைக்கு ஒரு டாரட் கட்டு: அளவெடுப்பதிலிருந்து அச்சு வரை

டாரட் என்ற 78 படச் சீட்டுகளை வைத்துப் பலன் பார்ப்பதைத் தொழிலாகத் தொடங்கியவர்களில் பலருக்கு, கொஞ்ச காலத்திலேயே தமக்கென்று சொந்தமாக ஒரு சீட்டுக்கட்டு வேண்டும் என்ற ஆசை வந்துவிடுகிறது. ஆசை வந்த கையோடு ஓவியரைத் தேடிப் போகிறார்கள், அல்லது தாமே வரைய உட்கார்ந்துவிடுகிறார்கள். தொல்லைகளில் பெரும்பகுதி அங்கிருந்துதான் புறப்படுகிறது. அட்டையின் அளவு, ஓரம், எண் நிற்கும் இடம், பின்புறம் ஆகியவற்றை முடிவு செய்யாமல் 78 படங்களை வரைந்துவிட்டால், பிறகு அவற்றைத் திருத்துவது ஏறக்குறைய மறுபடியும் வரைவதாகவே முடியும். இந்த வேலையைத் தட்டுத் தடுமாறி முடித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஓவியம் கடைசியில் வரட்டும். பின்னால் மாற்ற முடியாத முடிவுகளை முதலில் எடுங்கள். அந்த வரிசையில்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

இங்கே சொல்பவை, பலன் கேட்க வருபவரின் கண்முன் விரிக்கப்படும் கட்டுக்கே பொருந்தும். அலமாரியில் வைத்து அழகு பார்ப்பதற்கான சேகரிப்புக் கட்டுக்கு நியாயங்கள் வேறு.

1. மேசையை அளந்து அட்டையின் அளவைத் தீர்மானியுங்கள்

டாரட் அட்டைக்கு அச்சகங்களில் வழக்கமாகச் சொல்லப்படும் அளவு 70 × 120 மில்லிமீட்டர். அடுத்ததாகக் கிடைப்பது போக்கர் சீட்டின் அளவு, அதாவது 63 × 88 மில்லிமீட்டர். இவ்விரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது நல்லது. இவற்றுக்கான வெட்டும் டை (அட்டையை அந்த வடிவில் வெட்டும் கருவி) பல அச்சகங்களிடம் தயாராக இருக்கும். வேறு அளவு கேட்டால் டை செய்யும் செலவு உங்கள் தலையில் விழும்.

நீங்கள் அடிக்கடி போடும் விரிப்பு, அதாவது அட்டைகளை மேசையில் பரப்பும் அமைப்பு, எது என்பதை வைத்து முடிவெடுங்கள். பத்து அட்டைகள் கொண்ட கெல்டிக் கிராஸ் விரிப்பை எடுத்துக்கொள்வோம். அதன் வலப்பக்கத்தில் நான்கு அட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக நெடுக நிற்கும். 120 மில்லிமீட்டர் அட்டை என்றால் அதற்கே 48 சென்டிமீட்டர் ஆகிறது. இடைவெளியையும் சேர்த்தால் 51 வரை போகும். அகலத்தில் இட அட்டை, நடுவில் குறுக்காகக் கிடக்கும் அட்டை, வல அட்டை, பிறகு அந்த நெடுவரிசை என்று சுமார் 36 சென்டிமீட்டர் தேவைப்படும். போக்கர் அளவில் இதே விரிப்பு 38-க்கு 31 சென்டிமீட்டரில் அடங்கிவிடும். சிறிய மேசையில் பார்ப்பவர்களுக்கும், மேலிருந்து கேமரா வைத்துக் காணொளி வழியாகப் பார்ப்பவர்களுக்கும் இந்த வேறுபாடு பெரியது.

கையின் அளவையும் கணக்கில் கொள்ளுங்கள். 78 அட்டைகள் அடுக்கினால் காகிதத்தைப் பொறுத்து இரண்டரை முதல் மூன்று சென்டிமீட்டர் உயரம் வரும். சிறிய கை உள்ளவர்கள் 70 மில்லிமீட்டர் அகலமுள்ள அந்த அடுக்கை நாள் முழுவதும் கலைத்துக்கொண்டிருந்தால் மணிக்கட்டு சொல்லிக்காட்டும். முடிவு செய்வதற்கு முன் இரண்டு அளவிலும் ஒவ்வொரு கட்டை யாரிடமாவது வாங்கி, அரை மணி நேரம் கலைத்துப் பாருங்கள்.

2. கட்டின் சட்டகத்தை எழுதி வையுங்கள்

மரணம், நீதி போலத் தனிப்பெயர் கொண்ட மேஜர் ஆர்க்கனா 22, சீட்டுக்கட்டு போல வகை பிரிந்த மைனர் ஆர்க்கனா 56, ஆக 78. மைனரில் கோல், கோப்பை, வாள், காசு என நான்கு வகை. ஒவ்வொன்றிலும் ஒன்று முதல் பத்து வரை, பிறகு பேஜ் (ஏவலர்), நைட் (குதிரைவீரர்), ராணி, ராஜா. இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். தீர்மானிக்க வேண்டியவை இரண்டு.

முதலாவது, வலிமை, நீதி ஆகிய அட்டைகளின் எண். மார்செய் என்ற பழைய பிரெஞ்சு மரபில் நீதி 8, வலிமை 11. 1909-இல் லண்டனில் வெளியான, வெய்ட் வகுத்து பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்த கட்டில் இவை இடம் மாறி வலிமை 8, நீதி 11 ஆயின. நீங்கள் எந்த மரபில் கற்றீர்களோ அதையே வைத்துக்கொள்ளுங்கள். பலன் சொல்லும் நேரத்தில் நாக்குக்குப் பழகிய எண்ணும் அட்டையில் அச்சான எண்ணும் முரண்பட்டால், எதிரில் இருப்பவர் உடனே கவனித்துவிடுவார்.

இரண்டாவது, இரண்டு முதல் பத்து வரையுள்ள மைனர் அட்டைகளில் காட்சி வேண்டுமா, சின்னங்களை மட்டும் அடுக்கினால் போதுமா என்பது. இந்த முடிவு நேரடியாகப் பணத்தைத் தொடுகிறது. நான்கு வகையிலும் சேர்த்து அவை 36 அட்டைகள். மார்செய் பாணியில் ஆறு கோப்பைகளை வரிசையாக வைத்தால் போதும் என்றால், முழு ஓவியம் தேவைப்படுபவை 42 மட்டுமே. மீதியை வடிவமைப்பாளரே சின்னங்களை அடுக்கி முடித்துவிடுவார். ஆனால் வருபவரோடு பேசிக்கொண்டே பலன் சொல்பவராக நீங்கள் இருந்தால், காட்சி இல்லாத அட்டையில் அவருக்குப் பார்க்க ஒன்றும் இருக்காது. நீங்கள் மட்டுமே பேசிக்கொண்டிருக்க நேரும். என் கருத்தில், பேச்சை நம்பி நடக்கும் மேசைக்கு 78 காட்சிகளும் வேண்டும். அந்தச் செலவை வேறு இடத்தில் மிச்சப்படுத்தலாம்.

3. தலைகீழ் அட்டையைக் கணக்கில் எடுப்பீர்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்

தலைகீழாக விழும் அட்டைக்கு வேறு பலன் சொல்பவர் என்றால், பின்புற வடிவம் அரைச் சுற்றுத் திருப்பினாலும் அதே போலத் தெரிய வேண்டும். மேலும் கீழும் சமமாக இருப்பது மட்டும் போதாது. பின்புறத்தை இரண்டு தாள்களில் அச்சிட்டு, ஒன்றை 180 பாகை திருப்பி, மற்றதன் மேலே வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். எங்காவது ஒரு இலை, ஒரு பிறை, ஓவியரின் கையொப்பம் எதிர்ப்பக்கம் தள்ளி நின்றால், எந்த அட்டை தலைகீழாகக் கிடக்கிறது என்பது திறக்கும் முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும். வருபவர் தாமே அட்டை எடுக்கும் முறையில் இது நேர்மைக் குறைவாகவும் தோன்றும்.

பின்புறத்தில் மெல்லிய வெள்ளை ஓரம் வைக்காதீர்கள். வெட்டும்போது அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலும் ஒரு பக்கம் தடிமனாகவும் மறுபக்கம் மெலிந்தும் போய், அந்தக் குறையே அட்டைக்கு அடையாளமாகிவிடும். சில மாதப் பயன்பாட்டில், மரணம் என்ற அட்டை எங்கே இருக்கிறது என்று அடுக்கின் பின்புறத்தைப் பார்த்தே சொல்லும் நிலை வந்துவிடலாம். ஓரம் வரை நீளும் சிறு சிறு வடிவங்களாலான பின்புறமே பாதுகாப்பானது. வெளிர் நிறம் கைப்பட்டு அழுக்காகும் என்பதையும் மறக்க வேண்டாம்.

4. எண்ணும் பெயரும்: சின்ன விஷயம், பெரிய தொல்லை

மேசையில் நீங்களும் வருபவரும் எதிரெதிரே அமர்கிறீர்கள். உங்களுக்கு நேராக இருப்பது அவருக்குத் தலைகீழ். இதை மனத்தில் வைத்து எண்களைப் பாருங்கள். ரோமன் எண்ணில் ஒன்பது என்பது ஒரு நேர்கோடும் அதன் வலப்பக்கம் ஒரு பெருக்கல் குறியும். அதை அரைச் சுற்றுத் திருப்பினால் பெருக்கல் குறி முன்னும் கோடு பின்னுமாக மாறி, அது பதினொன்று ஆகிவிடுகிறது. எனவே துறவி அட்டையும் வெய்ட் வரிசையில் வரும் நீதி அட்டையும், எண்ணை மட்டும் பார்ப்பவருக்குக் குழம்பும். ரோமன் எண் வேண்டாம் என்று சாதாரண எண்ணுக்குப் போனால் 6, 9 என்ற இரட்டையர் அங்கே காத்திருக்கிறார்கள். எண்ணின் அடியில் ஒரு கோடு இழுத்துவிட்டால் இரண்டு சிக்கலும் தீரும்.

எண்ணை மேலும் கீழும் இரண்டு முனைகளிலும் வைப்பது சீட்டுக்கட்டுகளில் பழகிய வழி. எதிரில் இருப்பவருக்கும் படிக்க வசதி. தலைகீழ் பார்ப்பவர்கள் பெயரை மட்டும் ஒரே முனையில் வைத்தால், அட்டை எந்தப் பக்கம் நிற்கிறது என்பதும் ஒரு பார்வையில் தெரியும்.

எழுத்தின் அளவைத் திரையில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். உண்மையான அளவில் அச்சிட்டு, மேசையின் மறுபக்கம் வைத்து, நீங்கள் பலன் பார்க்கும் அறையின் விளக்கிலேயே படித்துப் பாருங்கள். தமிழ் எழுத்தில் பெயர் வைப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: வடிவமைப்பு மென்பொருளிலிருந்து கோப்பாக மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறிப்போவதுண்டு. எழுத்துகளைக் கோட்டு வடிவமாக மாற்றிய பிறகே அச்சகத்துக்கு அனுப்புங்கள். மாற்றிய பிறகு 78 பெயர்களையும் மறுபடி ஒருமுறை வாசியுங்கள். எழுத்துருவுக்கு வணிக உரிமம் இருக்கிறதா என்பதை அப்போதே பார்த்து, உரிமக் கோப்பைச் சேமித்து வையுங்கள்.

அட்டையிலேயே பொருள் வார்த்தைகளை அச்சிடுவது பற்றிப் பலர் கேட்கிறார்கள். கற்கும் கட்டுக்கு அது உதவும். வருபவர் முன் விரிக்கும் கட்டில், “துரோகம்” என்ற ஒரு சொல்லை அவர் படித்துவிட்டால், அதன்பின் நீங்கள் சொல்லும் எதுவும் அவர் காதில் ஏறாது. எனவே வேண்டாம் என்பேன்.

5. ஓரமும் மூலையும்

படத்தைச் சுற்றி ஓரம் வைத்தால் வெட்டும் பிழை கண்ணுக்குத் தெரியும். ஓரமின்றி முனை வரை படம் போனால் பிழை மறையும். அதே வேளையில் கருமை நிறம் முனை வரை போனால், சில மாதங்களில் மை உதிர்ந்து வெள்ளைப் பொட்டுகள் தெரியத் தொடங்கும். நடுத்தர நிறம் முனையில் வருமாறு படத்தை அமைப்பது இரண்டுக்கும் இடைப்பட்ட வழி. ஓரம் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால் நான்கு மில்லிமீட்டருக்குக் குறையாமல் வையுங்கள். மூலைகளை வளைத்தே ஆக வேண்டும். கூர் மூலை மடங்கும்.

தங்க ஓரம் பற்றி ஒரு வார்த்தை. புகைப்படத்தில் மின்னும். புதிதில் அட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிறகு துகள் துகளாக உதிரும், செலவும் கூடும். உழைக்கும் கட்டுக்கு அது தேவையில்லை.

6. இப்போது ஓவியம்: விரல் வைத்துக் காட்டும் இடத்திலிருந்து தொடங்குங்கள்

ஒவ்வொரு அட்டைக்கும் ஒரு வரி எழுதுங்கள்: பலன் சொல்லும்போது இந்த அட்டையில் எந்த இடத்தில் விரல் வைத்துக் காட்டுவேன்? சாத்தான் அட்டையை எடுத்துக்கொள்வோம். ஸ்மித்தின் படத்தில் ஆணும் பெண்ணும் சங்கிலியால் கட்டுண்டு நிற்கிறார்கள். ஆனால் கழுத்தில் உள்ள வளையம் தளர்வாக இருக்கிறது, நினைத்தால் தலைவழியே கழற்றிவிடலாம். அந்த அட்டையைப் பற்றி ஆறுதலாகப் பேச நினைப்பவர் அத்தனை பேரும் கை வைப்பது அந்தத் தளர்ந்த வளையத்தில்தான். உங்கள் ஓவியர் சாத்தானின் சிறகுகளுக்கு முக்கால்வாசி இடத்தைக் கொடுத்து, வளையத்தைக் கடுகளவாக வரைந்துவிட்டால், மேசையில் அந்தப் பேச்சுக்கு இடமே இல்லாமல் போகும்.

பத்து வாள் அட்டையும் இப்படித்தான். குப்புறக் கிடக்கும் மனிதனின் முதுகில் பத்து வாள்கள், மேலே கறுத்த வானம். ஆனால் தொடுவானத்தில் மஞ்சள் வெளிச்சம் விரிகிறது. மரணம் அட்டையில் வெள்ளைக் குதிரையின் பின்னால், தூரத்தில், இரண்டு கோபுரங்களுக்கு நடுவே சூரியன் நிற்கிறது. இந்த வெளிச்சங்கள் அலங்காரத்துக்காக வைத்தவை அல்ல. வருபவரின் பார்வையை அச்சத்திலிருந்து நகர்த்திக் கொண்டுபோக உங்களுக்கு இருக்கும் பிடி அவைதான். உங்கள் கட்டில் நீங்கள் வேறு காட்சியே அமைக்கலாம். ஆனால் இப்படி ஒரு பிடி எங்கே இருக்கிறது என்பதை ஓவியருக்கு எழுத்தில் கொடுத்துவிட வேண்டும்.

கடினமான அட்டைகளின் பட்டியலைத் தனியே போடுங்கள்: மரணம், கோபுரம், சாத்தான், மூன்று வாள், ஒன்பது வாள், பத்து வாள். நீங்கள் வாய் திறப்பதற்கு முன்பே வருபவர் படத்தைப் பார்த்துவிடுகிறார். நோயாளியோ, அண்மையில் உறவை இழந்தவரோ, கருவுற்றிருப்பவரோ எதிரில் அமரும் நாள் கட்டாயம் வரும். இந்த அட்டைகளைப் பூவும் வண்ணத்துப்பூச்சியுமாக மாற்றிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அப்படி மாற்றப்பட்ட கட்டுகளில் எந்த அட்டையும் எதையும் உறுதியாகச் சொல்வதில்லை. கடினமான காலத்தில் இருப்பவருக்கு அந்த இனிப்பு அவமதிப்பாகவும் படும். இரத்தத்தையும் அழுகலையும் தவிர்த்து, நிகழ்வின் கனத்தை மட்டும் வைத்துக்கொண்டால் போதும். நிர்வாண உருவங்களிலும் இதே அளவுகோல்: காதலர்கள், நட்சத்திரம், உலகம் போன்ற அட்டைகளில் அவை மரபாக வருகின்றன. உங்களிடம் யார் வருகிறார்கள், குடும்பத்தோடு வருகிறார்களா, அலுவலக நிகழ்ச்சிகளில் மேசை போடுவீர்களா என்பதைப் பார்த்து முடிவெடுங்கள்.

உருவங்களின் வயது, உடல்வாகு, நிறம் ஆகியவற்றைக் கலந்து வையுங்கள். ராணி அட்டை நான்கிலும் ஒரே இளம்பெண் முகம் இருந்தால், அறுபது வயதுப் பெண்மணி அந்தக் கட்டில் தன்னைத் தேடிக் காணாமல் ஏமாறுவார்.

கடைசியாக, நான்கு வகைகளையும் ஒரு பார்வையில் பிரித்தறிய வேண்டும். கோலும் வாளும் நீளமானவை. தூரத்தில் ஒன்றுபோலவே தெரியும். ஒவ்வொரு வகைக்கும் ஒரு பின்னணி நிறத்தை ஒதுக்குவது எளிய வழி. சிவப்பு, பச்சை இரண்டை மட்டும் நம்பாதீர்கள். அவ்விரண்டையும் பிரித்தறிய இயலாத பார்வையுடையோர் பலர் இருக்கிறார்கள். பத்து அட்டைகளை விரித்துக் கறுப்பு வெள்ளையில் ஒரு புகைப்படம் எடுங்கள். அதிலும் நான்கு வகைகள் பிரிந்து தெரிந்தால் உங்கள் வடிவமைப்பு தேறிவிட்டது.

7. உரிமையும் ஆவணங்களும்

இந்தப் பகுதியைத் தாண்டிச் செல்லாதீர்கள். மூன்று வகை உரிமைச் சிக்கல்கள் இருக்கின்றன.

முதலாவது, பழைய கட்டைத் தழுவுவது. பமீலா கோல்மன் ஸ்மித் 1951-இல் மறைந்தார். படைப்பாளி இறந்து 70 ஆண்டுகள் வரை காப்புரிமை என்ற விதி உள்ள நாடுகளில் அவருடைய 1909-ஆம் ஆண்டுப் படங்கள் 2022 முதல் பொதுவுடைமை. அமெரிக்காவில் அதற்கு முன்பே அந்த நிலை வந்துவிட்டது. ஆனால் பின்னாளில் பிறர் புதிதாக வண்ணமிட்டு வெளியிட்ட பதிப்புகளுக்குத் தனி உரிமை கோரப்படலாம்; கட்டின் வணிகப் பெயருக்கு வணிகக்குறி உரிமையும் இருக்கலாம். ஆகவே மூல அச்சிலிருந்து எடுத்த படத்தை மட்டுமே அடிப்படையாகக் கொள்ளுங்கள், உங்கள் பெட்டியில் பழைய கட்டின் பெயரைப் போடாதீர்கள். தோத் என்ற இன்னொரு புகழ்பெற்ற கட்டின் கதை வேறு: அதை வரைந்த ஃப்ரீடா ஹாரிஸ் மறைந்தது 1962-இல், எழுபதாண்டு விதியுள்ள நாடுகளில் 2032 முடியும் வரை அதைத் தொடக்கூடாது.

இரண்டாவது, ஓவியரோடு ஒப்பந்தம். நண்பராக இருந்தாலும் எழுத்தில் போடுங்கள். உரிமை முழுதாக உங்களுக்கு மாறுகிறதா, அச்சிடும் உரிமம் மட்டும் தரப்படுகிறதா. மறு அச்சுக்கும், செயலியில் பயன்படுத்தவும், பலன் பார்க்கும் காணொளியில் காட்டவும் அனுமதி உண்டா. எத்தனை திருத்தங்கள் கட்டணத்துக்குள் அடங்கும். பாதியில் நின்றால் முடிந்த படங்களின் கதி என்ன. அடுக்குகள் பிரிந்த மூலக்கோப்பு யாரிடம் இருக்கும் என்பவை அதில் இருக்க வேண்டும். இவற்றில் பெரும்பாலோர் விட்டுவிடுவது மூலக்கோப்பு. அது இல்லாவிட்டால் ஓரத்தை இரண்டு மில்லிமீட்டர் நீட்டுவதற்குக்கூட ஓவியரின் வாசலில் நிற்க வேண்டும்.

மூன்றாவது, செயற்கை நுண்ணறிவால் உருவாக்கிய படங்கள். மனிதப் படைப்பாக்கம் இல்லாத படத்துக்கு அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் பதிவு தருவதில்லை. கிக்ஸ்டார்ட்டர் போன்ற நிதிதிரட்டும் தளங்கள் அதன் பயன்பாட்டை வெளிப்படையாகச் சொல்லக் கேட்கின்றன. உங்கள் கட்டைப் பிறர் அப்படியே நகலெடுத்தால் தடுக்கும் வழி குறுகிவிடும் என்பதைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

8. காகிதமும் மேற்பூச்சும்

300 முதல் 350 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) வரையுள்ள காகிதம் பொருந்தும். எடையைவிட உள்ளடுக்கு முக்கியம். சீட்டுக்கென்றே செய்யப்படும் காகிதத்தின் நடுவில் கறுப்பு அல்லது நீல நிற ஒட்டடுக்கு இருக்கும். அது ஒளி ஊடுருவாமல் தடுக்கும், வளைத்தால் மீண்டும் நிமிரும் தன்மையையும் கொடுக்கும். அழைப்பிதழ் அச்சிடும் சாதாரண ஆர்ட் கார்டில் இவை இரண்டும் இல்லை. அச்சகம் காட்டும் மாதிரியை விளக்கின் முன் பிடியுங்கள். மறுபக்கப் படம் நிழலாகத் தெரிந்தால் அதை ஒதுக்குங்கள்.

மேற்பூச்சில் பளபளப்பு வேண்டவே வேண்டாம். தலைக்கு மேல் விளக்கு இருக்கும் அறையில் பாதி அட்டை வெள்ளை வட்டமாகத் தெரியும். கேமராவில் இன்னும் மோசம். மேட் பூச்சு கண்ணுக்கு நல்லது. வெல்வெட் போலத் தொடும் மேட் லேமினேஷன் முதல் தொடுதலில் மனத்தைக் கவரும். ஆனால் அடர்நிறத்தில் விரல் எண்ணெய் படிந்து கறையாகத் தெரியும். மெல்லிய துணி நெசவு போலப் புடைத்த லினன் மேற்பரப்பு, அட்டைகளுக்கிடையே காற்றை விட்டு, வழுக்கிக்கொண்டு கலைய உதவும். பதிலுக்கு மிக நுண்ணிய கோடுகளைச் சற்று மங்கலாக்கும். லேமினேஷன் போடுவதானால் இருபுறமும் போடச் சொல்லுங்கள், ஒருபுறம் மட்டும் போட்டால் அட்டை சுருண்டுவிடும். முழு பிளாஸ்டிக் அட்டை தண்ணீருக்கு அஞ்சாது என்றாலும், அடுக்கு கைக்குள் நிற்காமல் சரியும்.

9. மாதிரிக் கட்டு இல்லாமல் அச்சுக்குப் போகாதீர்கள்

இரண்டு மாதிரிகள் வேண்டும். முதலாவதைப் படங்கள் பாதி முடிந்த நிலையிலேயே வீட்டில் செய்யலாம்: சாதாரணத் தாளில் உண்மை அளவில் அச்சிட்டு, வெட்டி, அட்டை உறைகளில் பழைய சீட்டோடு சேர்த்துச் செருகுங்கள். முடியாத படத்துக்குப் பென்சில் வரைவே போதும். இந்தக் கட்டில் பழக்கமான நண்பர்களுக்குப் பலன் பாருங்கள். அவர்கள் எந்த அட்டையைக் கையிலெடுத்துக் கண்ணருகே கொண்டுபோகிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள்; அந்தப் படத்தில் ஏதோ சிறிதாக இருக்கிறது. எந்த அட்டைக்கு “இது என்ன?” என்று கேட்கிறார்கள் என்பதையும் குறியுங்கள்.

இரண்டாவது மாதிரி, அச்சகம் இறுதிக் காகிதத்தில் செய்து தரும் முழுக் கட்டு. சில அச்சகங்கள் பிடிஎஃப் கோப்பை மட்டும் அனுப்பி ஒப்புதல் கேட்கும். அதில் காகிதமும் இல்லை, பூச்சும் இல்லை, வெட்டும் இல்லை. கூடுதல் பணம் கொடுத்தாவது கையில் பிடிக்கும் மாதிரியை வாங்குங்கள். பகல் வெளிச்சத்திலும் மஞ்சள் விளக்கிலும் பாருங்கள், சில நூறு முறை கலையுங்கள், முனைகள் உரிகின்றனவா என்று பாருங்கள்.

10. அச்சுக் கோப்பு

நான்கு பக்கமும் மூன்று மில்லிமீட்டர் ப்ளீட் (வெட்டுக்கோட்டைத் தாண்டிப் படம் நீளும் கூடுதல் விளிம்பு), வெட்டுக்கோட்டுக்கு உள்ளே மூன்று மில்லிமீட்டர் பாதுகாப்பு இடம், 300 டிபிஐ (அங்குலத்துக்கு இத்தனை புள்ளிகள்) என்பவை பரவலாகக் கேட்கப்படும் அளவுகள். 70 × 120 அட்டைக்கு ப்ளீட் சேர்த்தால் 76 × 126 மில்லிமீட்டர், அதாவது சுமார் 898 × 1488 பிக்சல். ஓவியர் இதைவிட இரு மடங்கு பெரிதாக வரைந்து வைப்பது பின்னாளில் சுவரொட்டிக்கும் கையேட்டுக்கும் உதவும். திரையின் ஆர்ஜிபி நிறத்தில் மின்னும் ஊதாவும் நீலமும் அச்சின் சிஎம்ஒய்கே நிறத்தில் மங்கிவிடும். இந்தத் துறையில் எல்லோருக்கும் பிடித்த நிறங்களும் அவைதான் என்பது ஒரு சோகம். முதல் மூன்று படங்கள் முடிந்ததுமே நிறமாற்றிப் பாருங்கள், எழுபத்தெட்டும் முடியும் வரை காத்திருக்காதீர்கள். சிறு எழுத்துகளைக் கறுப்பு மையில் மட்டும் வையுங்கள்; நான்கு மையும் கலந்த கறுப்பில் எழுத்தின் விளிம்பு சிதறும்.

கோப்புகளுக்கு 01 முதல் 78 வரை வரிசை எண்ணோடு பெயரிடுங்கள். ஒரே அட்டை இருமுறை அச்சாகி இன்னொன்று விடுபட்டுப்போகும் விபத்து பெரும்பாலும் கோப்புப் பெயர்க் குழப்பத்தால்தான் நேர்கிறது.

11. செலவும் காலமும்

செலவில் பெரும்பங்கு ஓவியத்துக்குப் போகும். அது ஒரே முறை வரும் செலவு. அச்சைப் பொறுத்தவரை இரண்டு வழிகள். டிஜிட்டல் அச்சில் ஆயத்தச் செலவு மிகக் குறைவு, ஒரே ஒரு கட்டுகூட எடுக்கலாம். ஒரு கட்டின் விலை அதிகமாக இருக்கும். ஆஃப்செட்டில் பிளேட்டுக்கும் இயந்திரத்தை ஆயத்தம் செய்வதற்கும் முதலிலேயே பெரிய தொகை ஆகும். நூற்றுக்கணக்கில் அடித்தால்தான் கட்டின் விலை இறங்கும். உங்கள் மேசைக்கு மட்டும் என்றால் டிஜிட்டலில் மூன்று கட்டு எடுத்துக்கொண்டு நிறுத்துங்கள். விற்கலாம் என்ற நம்பிக்கையில் ஐந்நூறு அடித்து வீட்டில் அடுக்கி வைத்திருப்பவர்கள் இத்துறையில் குறைவில்லை.

விலைப்புள்ளி கேட்கும்போது எல்லா அச்சகத்துக்கும் ஒரே குறிப்பை அனுப்புங்கள்: அளவு, அட்டை எண்ணிக்கை, காகிதத்தின் வகையும் எடையும், மேற்பூச்சு, மூலை வளைவு, பெட்டி வகை, கட்டுகளின் எண்ணிக்கை, மாதிரிக்கான கட்டணம், அனுப்பும் செலவு. இவற்றில் ஒன்று விடுபட்டாலும் இரண்டு விலைகளை ஒப்பிட முடியாது. பெட்டியில் மடக்கு மூடிப் பெட்டி மலிவு. மேல்மூடி தனியாகக் கழலும் தடித்த பெட்டி விலை கூடுதல், ஆனால் பையில் போட்டு எடுத்துப்போகும் கட்டைக் காப்பாற்றும். பெட்டியின் உள்ளளவை மாதிரிக் கட்டை அளந்த பிறகே உறுதி செய்யுங்கள். காகிதம் மாறினால் அடுக்கின் உயரமும் மாறும். கையேடு சேர்ப்பதானால், நடுவில் பின் அடிக்கும் புத்தகத்தின் பக்கங்கள் நான்கின் மடங்காக வர வேண்டும்.

தாளில் எத்தனை அட்டைகள் அடங்குகின்றன என்று அச்சகத்தைக் கேளுங்கள். 78-க்குப் பிறகு இடம் மிஞ்சினால், கூடுதல் காசின்றி ஒன்றிரண்டு அட்டைகளைச் சேர்க்கலாம். அதில் ஒன்றை வெற்று அட்டையாக விடுங்கள். ஒரு அட்டை தொலையும் நாளில் கைகொடுக்கும்.

காலத்தைப் பற்றி ஓவியரும் அச்சகமும் சொல்வதைவிட உங்கள் கணக்கை நம்புங்கள். வாரத்துக்கு ஒரு படம் என்றால் 78 வாரங்கள், அதாவது ஒன்றரை ஆண்டு. வாரத்துக்கு இரண்டு என்றால் ஒன்பது மாதங்கள், அதுவும் திருத்தமே இல்லாதபோது. ஓவியருக்குக் கட்டணத்தை மொத்தமாகவோ ஒவ்வொரு படத்துக்காகவோ கொடுக்காமல் தொகுதி தொகுதியாகக் கொடுங்கள்: மேஜர் 22 முதல் தொகுதி, பிறகு ஒவ்வொரு வகையும் ஒரு தொகுதி. மேஜரை முதலில் முடிப்பதில் இன்னொரு நன்மை உண்டு. வேலை நடுவில் நின்றுபோனாலும் 22 அட்டைகளை மட்டும் வைத்துப் பலன் பார்க்கும் வழக்கம் இருப்பதால், செலவழித்தது வீணாகாது. அச்சு மாதிரி, ஒப்புதல், அச்சு, வெட்டு, போக்குவரத்து ஆகியவற்றுக்கெனத் தனியே சில மாதங்களை ஒதுக்குங்கள். எந்த விழாநாளுக்கும் “அன்று வந்துவிடும்” என்று வருபவர்களிடம் சொல்லி வைக்காதீர்கள்.

12. கட்டு கைக்கு வந்ததும்

முதல் வேலை எண்ணுவது. எழுபத்தெட்டும் இருக்கின்றனவா, ஒன்று இரட்டிப்பாகியிருக்கிறதா, எதாவது ஒன்றின் பின்புறம் தலைகீழாகவோ வேறு நிறச் சாயலிலோ அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். எல்லாவற்றையும் கவிழ்த்துப் பரப்பி, நின்றபடி பார்த்தால் நிறம் வேறுபட்ட அட்டை தானே கண்ணில் படும். குறை இருந்தால் அன்றே படம் எடுத்து அச்சகத்துக்கு எழுதுங்கள். குறைகளை எத்தனை நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும் என்ற நிபந்தனை விலைப்புள்ளியின் அடியில் சிறு எழுத்தில் இருக்கும்.

ஒரே அச்சில் எடுத்த கட்டுகளில் ஒன்றைப் பிரிக்காமல் வையுங்கள். அடிக்கடி வரும் அட்டைகள் என்று எதுவும் இல்லாவிட்டாலும், காபி கொட்டும் அட்டை என்று ஒன்று எப்படியும் இருக்கும். பின்னால் தனியாக ஒரு அட்டையை மட்டும் அச்சிட்டுச் சேர்த்தால், நிறமும் வழுவழுப்பும் மாறி, அது பின்புறத்திலேயே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். இறுதி அச்சுக் கோப்பு, ஓவியரின் ஒப்பந்தம், எழுத்துரு உரிமம், அச்சகத்தின் விலைப்புள்ளி, காகிதத்தின் பெயரும் எடையும், டையின் அளவு, மூலை வளைவின் ஆரம் ஆகியவற்றை ஒரே உறையில் போட்டு, இரண்டு இடங்களில் நகல் வையுங்கள். மறு அச்சுக்கு வேறு அச்சகத்திடம் போக நேர்ந்தால், அவர்கள் முதலில் கேட்பது அந்த உறையில் இருப்பவற்றைத்தான்.